சூரை ஆணையத்தின் மிகச்சிறந்த கண்காணிப்பாளர்

உலகத்தில் மீனைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவர்கள் ஏராளம். மீனுக்குத்தான் அந்தச் சங்கதி இன்னும் தெரியாது. அப்படிப்பட்டவர்களில் தலையானது வட அத்திலாந்திக் பெருஞ்சூரைப் பேணல் ஆணையம். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு மீனை வெட்டிக் கழுவி உப்பும் போட்டுவிடலாம். நீலத்துடுப்புச் சூரை என்றொரு மீன். வளர்ந்தால் ஒரு காளைமாட்டுக் கனம் இருக்கும், யப்பான்காரன் ஏலத்தில் எடுத்தால் வீட்டு விலைக்குப் போகும். அந்த மீனை ஆட்கள் ஒட்டத் துடைத்துப் பிடித்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் ஆணையத்தின் வேலை. அந்த வேலையை அது வருடத்துக்கு ஒருமுறை, நவம்பரில், ஏதாவதொரு நல்ல ஹொட்டேலில் கூடிச் செய்யும்.

இந்த வருடம் மொன்ட்ரியால். பனி கொட்டுவோமா விடுவோமா என்று வானம் கறுத்துக்கொண்டு நின்ற ஒரு செவ்வாய்க்கிழமை காலை, றோசலின் மொன்ட்ரியால்-நோரிலிருந்து பஸ்ஸும் மெட்ரோவும் மாறி அந்த ஹொட்டேல் வாசலுக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்கும் மீனுக்கும் ஒரு கொடுக்கல்வாங்கலும் கிடையாது. திருகோணமலையில் பிறந்தவள்தான், ஆனால் தகப்பன் தபால் கந்தோரில் வேலை பார்த்தவர். இங்கே அவள் கார்டரி என்கிற ஒரு பகல் காப்பகத்தில் மூன்று நான்கு வயதுக் குழந்தைகளுக்கு மத்தியானச் சாப்பாடு சமைத்துப் போட்டு, வாய் துடைத்து, நித்திரையாக்குகிற வேலை செய்தாள். ஆணையத்திடம் அவள் கேட்க வந்தது ஒரேயொரு கேள்வி. என்னுடைய தம்பி எங்கே?

தம்பி திருமாறன் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பல்கலைக்கழக வளாகத்தில் படித்தவன். படிப்பு முடிந்ததும் ஆணையம் அவனைக் கண்காணிப்பாளனாக எடுத்து ஒரு மீன்பிடிக் கப்பலில் ஏற்றிவிட்டது. கப்பலின் பெயர் லா பொன் கொன்சியான்ஸ். நல்ல மனச்சாட்சி என்று அர்த்தம். கப்பல்காரர் பிடிக்கிற மீனை எண்ணி, எண்ணியதை அப்படியே ஒவ்வொரு நாளும் ஆணையத்துக்கு எழுதி அனுப்புவது அவன் வேலை. அந்தக் கப்பலில் ஆணையத்தின் கண் அவன் ஒருவன்தான். மற்ற அத்தனை பேரும் மீன் பிடிக்கப் போனவர்கள்.

செப்டம்பர் முடிகிற நேரத்தில் அவன் கடைசியாகப் போனில் பேசினான்.

"அக்கா, வலைக்குள்ள மூண்டு மீன் போனால் ஒண்டெண்டு எழுதட்டாம். நான் மூண்டெண்டுதான் எழுதுறன்."

"ஏன் மாறன் நீ உதுக்குள்ள தலையைக் குடுக்கிறாய்?"

"அதுக்குத்தானே சம்பளம்," என்று சிரித்தான். பிறகு சொன்னான். "என்ர அறைக் கதவின்ர பூட்டைக் கழட்டிக்கொண்டு போட்டாங்கள். திருத்தவாம்."

அதோடு சரி. பிறகு போனும் இல்லை, ஒரு சொல்லும் இல்லை. றோசலின் பொலிசுக்குப் போனாள். கடல் தங்கள் எல்லைக்குள் இல்லை என்று பொலிஸ் கையை விரித்தது. கப்பல் எந்த நாட்டுக் கொடியோடு ஓடுகிறதோ அந்த நாட்டின் தூதரகத்துக்குப் போனாள். அது நாலு பக்கமும் மலை சூழ்ந்த, கடலே இல்லாத ஒரு நாடு. அங்கே இருந்த மனிதர் தங்கள் நாட்டுக்குக் கப்பல் இருக்கிற விஷயத்தை அவளிடம்தான் முதன்முதலில் கேள்விப்பட்டதுபோல முழித்து, ஆணையத்திடம் போகச் சொன்னார். கடைசியில் இதோ, ஆணையம்.

வாசல் மேசையில் இருந்த பெண், கழுத்தில் அட்டை இல்லாமல் உள்ளே விட ஏலாது என்றாள். அட்டை வேண்டுமென்றால் உறுப்பு நாடாக இருக்க வேண்டும், அல்லது கம்பனியாக, விஞ்ஞானியாக, மீனின் நண்பராக இருக்க வேண்டும்.

"நான் ஒரு ஆளின்ர அக்கா," என்றாள் றோசலின்.

அப்படி ஒரு பிரிவு இல்லை என்று அந்தப் பெண் உண்மையான கவலையோடு சொன்னாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் வசீகரன் வந்தான். நாற்பது வயது, மடிப்புக் கலையாத கோட், இல்-பிசாரில் தனி வீடு. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கப்பல்கள் சட்டப்படி நடக்கின்றனவா என்று பார்க்கிற பிரிவுக்கு உதவிச் செயலாளர். தமிழ் முகத்தைக் கண்டதும் பல்லெல்லாம் தெரிய வந்தவன், அவள் தம்பியின் பெயரைச் சொன்னதும் ஒருகணம் அப்படியே நின்றான். பிறகு பழையபடி சிரித்தான்.

"திருமாறன்ர அக்காவோ! கடவுளே, வாங்கோ, வாங்கோ. எங்கட முதல்தரமான ஆள் எல்லோ அவர்." மேசைப் பெண்ணிடம் ஏதோ சொல்லி, அவள் கழுத்தில் 'மீனின் நண்பர்' என்று ஒரு அட்டையை மாட்டிவிட்டான். "கவலைப்படாதேங்கோ அக்கா. தொடக்க நிகழ்ச்சி முடியட்டும், பேந்து ஆறுதலாக் கதைப்பம்."

தொடக்க நிகழ்ச்சியைச் சும்மா சொல்லக்கூடாது, கோயில் திருவிழா தோற்றது. மண்டபத்துக் கதவு இரண்டும் திறந்தது. வெள்ளைக் கையுறை போட்ட நாலு பேர் ஐஸ் நிரப்பிய ஒரு மேசையைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மேலே முழுச் சூரை ஒன்று, கண் திறந்தபடி. இருநூறு பிரதிநிதிகளும் எழுந்து நின்று, மீனுக்கு நன்றி சொல்லி மௌனம் காத்தார்கள். ஒவ்வொரு வருடமும் கிடைக்கிற மீன் சிறுத்துக்கொண்டே போகிறதாம். மேசை பெரிதாகவும் மீன் சிறிதாகவும் இருந்தால் பார்க்கிறவர்களுக்கு மனக்கஷ்டம் என்று, ஆணையம் வருடாவருடம் மேசையைக் கொஞ்சம் சின்னதாகச் செய்விக்கிறது. கேட்டீர்களா புத்தியை!

தலைவர் பெர்லுவா எழுந்தார். வெள்ளைத் தலை, அழுவதற்குத் தயாரான குரல்.

"அன்பான உறுப்பு நாடுகளே, எங்கள் முதலாவது கூட்டத்தில் போலவே இன்றும் மீன் மேசையை நிறைத்திருக்கிறது," என்றார். கைதட்டல். "அதற்கு முன் இந்தக் கடலில் மீன் இருந்தது, ஆணையம் இருக்கவில்லை. இன்று ஆணையம் இருக்கிறது. இதை முன்னேற்றம் என்று சொல்ல நான் தயங்கமாட்டேன். மீனைப் பேண ஆணையம் வேண்டும். ஆணையம் நடக்கச் சந்தா வேண்டும். சந்தாவோ பிடிக்கிற மீனின் அளவுக்குத் தக்கது. ஆகவே நண்பர்களே, கூடப் பிடிக்கப் பிடிக்கத்தான் நாம் கூடப் பேணலாம்!"

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். றோசலின் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள். அவர் இதைக் குறித்தே வைத்துக்கொண்டார்.

தேநீர் நேரத்தில் வசீகரன் அவளைத் தன்னுடைய தற்காலிக அலுவலகத்துக்குக் கூட்டிப்போனான். சுவரில் ஒரு பெரிய திரை. நீலக் கடலில் பச்சைப் பொட்டுகள், ஒவ்வொரு பொட்டும் ஒரு கப்பல்.

"பாருங்கோ, உதுதான் உங்கட தம்பியின்ர கப்பல். பச்சை. கண்காணிப்பாளரின்ர அறிக்கை மத்தியானத்துக்கு முந்தி வந்தால் பச்சை, வராட்டில் சிவப்பு. செப்டம்பரில இருந்து ஒருநாள்கூடத் தவறேல்லை. இண்டைக்குக் காலமையும் வந்திட்டுது. 'எல்லாம் வழமை' எண்டு."

றோசலினுக்கு நெஞ்சு ஒருமுறை துள்ளி விழுந்தது. உயிரோடு இருக்கிறான்! ஆனால் அந்தச் சந்தோசம் வந்த வேகத்திலேயே இறங்கவும் செய்தது. காலமை அறிக்கை எழுதத் தெரிந்தவனுக்கு அக்காவுக்கு ஒரு சொல் எழுத ஏலாமல் போகுமா?

"அப்ப என்னோட ஒருக்காக் கதைக்கச் சொல்லுங்கோ தம்பி. ஒரு நிமிசம் காணும். குரலைக் கேட்டால் சரி."

"அதுதான் அக்கா ஏலாது," என்றான் வசீகரன், ஏதோ நல்ல செய்தி சொல்கிற குரலில். "கண்காணிப்பாளரின்ர சுயாதீனம் எங்களுக்கு உயிர். கடலில நிக்கிற ஆளோட வெளியாக்கள் கதைச்சால் அவரின்ர மனம் ஒரு பக்கம் சாய்ஞ்சுபோம்."

"நான் வெளி ஆளோ?"

"சட்டப்படி, அக்கா."

"அப்ப அவன் கப்பலில இல்லையெண்டால்? காணாமல் போயிருந்தால்? அதை ஆர் உங்களுக்குச் சொல்லுவினம்?"

"அதுக்கும் ஒழுங்கு இருக்கு. கப்டன் அறிவிக்கலாம். ஆனால் கண்காணிப்பாளர் கையெழுத்து வைச்சு உறுதிப்படுத்தோணும்."

"காணாமல் போன ஆளோ?"

"ஓம்," என்றான் வசீகரன். அதில் ஏதாவது கோணல் இருப்பதாக அவனுக்குப் படவில்லை. ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னானே தவிர, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

கப்பலின் கொடிக்குரிய நாடு கேட்டால்தான் விசாரணை நடக்கும் என்று வேறு சொன்னான். ஆகவே றோசலின் அந்தக் கடலில்லாத நாட்டின் பிரதிநிதியைத் தேடிப் பிடித்தாள். அருமையான மனுசன். கதிரை இழுத்துப் போட்டார், தன் பங்கு கேக்கை அவளிடம் நீட்டினார். சட்டப்படி அந்தக் கப்பலின் தளம் தன் தாய்நாட்டு மண் என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

"அப்ப உங்கட மண்ணில நிண்ட என்ர தம்பியைத் தேடித் தாங்கோ ஐயா," என்று அவள் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டாள்.

அவர் கண் கலங்கினார். தான் வந்தது மீன் விஷயத்துக்கு மட்டும்தான் என்றும், ஆட்களைப் பற்றிப் பேசத் தன் அரசு தனக்கு அதிகாரம் தரவில்லை என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, கடல் முழுவதுமே உப்பா, அல்லது கரையோரம் மட்டுந்தானா என்று அவளிடம் விசாரித்தார். இவரையா நம்பித் தம்பி கப்பல் ஏறினான்?

மறுநாள் விஞ்ஞானிகளின் முறை. மெலிந்த ஒரு அம்மையார் மேடைக்கு வந்து, தாய் மீன்களைக் காணவில்லை என்றார். போன வருடமும் காணவில்லை. வலையில் வருவதெல்லாம் குஞ்சு, அதுவும் முட்டை போட வயது வராதவை. இப்படியே போனால் இன்னும் சில வருடங்களில் எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது. அவர் அதைச் சத்தம் போடாமல், வீட்டில் நெருப்புப் பிடித்ததை அயலவருக்குச் சொல்கிறவரைப்போல அவசரமாகச் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேடையில் சிவப்பு விளக்கு எரிந்து மைக் நின்றுபோனது.

தலைவர் நன்றி சொல்லி எழுந்தார். "அம்மையார் காணவில்லை என்கிறார். இல்லை என்று சொல்லவில்லை. நண்பர்களே, இரண்டுக்கும் எவ்வளவு தூரம்! காணாத மீனை இல்லாத மீன் என்பது விஞ்ஞானம் அல்ல, நம்பிக்கையீனம். பெரிய மீன்கள் ஆழத்துக்குப் போயிருக்கும். அவை கூச்ச சுபாவம் உள்ளவை. இறந்துவிட்டதாக எந்த மீனும் எமக்கு அறிவிக்கவில்லை. அறிவிப்பு வரும்வரை அவை இருக்கின்றன என்றே ஆணையம் கொள்ளும். ஆகவே இருக்கிற மீனுக்கு ஏற்றபடி, பிடிக்கும் அளவைக் கூட்டலாம் என்பது என் முன்மொழிவு."

ஆணையத்தில் வாக்கெடுப்பு என்கிற தொல்லை கிடையாது. தலைவர் ஒன்றைச் சொல்லுவார், மண்டபத்தை ஒருமுறை பார்ப்பார். எவரும் வாய் திறக்காவிட்டால் சுத்தியலால் மேசையில் ஒரு தட்டு. தட்டினால் தீர்மானம். பிறகு கடவுளே இறங்கி வந்து மன்றாடினாலும் அடுத்த நவம்பர்தான். தலைவர் பார்த்தார், ஒருவரும் வாய் திறக்கவில்லை, தட்டினார்.

மீனைப் பற்றித்தான் பேசினார்கள். ஆனால் றோசலினின் காதில் விழுந்தது முழுக்கத் தம்பியைப் பற்றி. அறிவிப்பு வரும்வரை இருக்கிறான். ஆழத்துக்குப் போயிருப்பான். கூச்ச சுபாவம். அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

அங்கேதான் வசீகரன் வந்து பிடித்தான். முகமெல்லாம் வெளிச்சம்.

"அக்கா, ஒரு நல்ல விஷயம். இந்த வருசத்துச் சிறந்த கண்காணிப்பாளர் விருது உங்கட தம்பிக்குத்தான்! செப்டம்பரில இருந்து ஒரு முறைப்பாடு இல்லை, ஒரு காய்ச்சல் வருத்தமெண்டு லீவு இல்லை, ஒரு மீன் கூடக் குறைய எண்டு கரைச்சல் இல்லை. வெள்ளிக்கிழமை கடைசி அமர்வில குடுக்கினம். அவர் கடலில நிக்கிறதால நீங்கள்தான் மேடையில ஏறி வாங்கோணும்."

"எனக்கு விருது வேண்டாம். ஆள் வேணும்."

வசீகரன் அக்கம்பக்கம் பார்த்தான். "வந்து வாங்குங்கோ. அதுக்குப் பிறகு போனில கதைக்க நான் ஒழுங்கு செய்யுறன். தமிழிலையே கதையுங்கோ, நான் பக்கத்தில நிண்டு பிரெஞ்சில சொல்லுறன். உங்களுக்கும் சுகம்."

அவள் ஒப்புக்கொண்டாள். பொய்யென்று உள்ளுக்குள் ஏதோ சொன்னது, ஆனால் தம்பியைத் தேடுகிறவளுக்கு எந்தக் கதவு திறந்தாலும் தலையை நீட்டத்தான் தோன்றும். வெள்ளிக்கிழமை கார்டரியில் லீவு கேட்டு, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனாள்.

மேடையில் ஐஸ் மேசை அப்படியே இருந்தது. செவ்வாய்க்கிழமை மீனின் தலையும் முள்ளும் மட்டும் மிச்சம். உடல் நாலு நாளாக விஞ்ஞான மாதிரி என்ற பெயரில் மத்தியான விருந்துக்குப் போயிருந்தது. தலைவர் பெர்லுவா கண்ணாடியில் செய்த ஒரு மீனைக் கையில் ஏந்தி, திருமாறனின் புகழைப் பாடினார்.

"இவரைப் போன்ற கண்காணிப்பாளர் ஆயிரத்தில் ஒருவர்! தான் அங்கே இருப்பதையே கப்பல்காரர் உணராதபடி கடமை செய்கிறார். கப்டனே எனக்கு எழுதியிருக்கிறார், இப்படி ஒரு கரைச்சல் இல்லாத மனிதரைத் தான் கண்டதே இல்லை என்று. எல்லாக் கப்பல்களிலும் இப்படிப்பட்டவர்களே இருக்க வேண்டும் என்பது என் கனவு."

கண்ணாடி மீன் றோசலினின் கைக்கு வந்தது. ஐஸ்போலக் குளிர்ந்தது. மைக்கின் முன்னால் அவளும் பக்கத்தில் வசீகரனும் நின்றார்கள்.

"எனக்கு உது வேண்டாம்," என்றாள் அவள் தமிழில். "செப்டம்பருக்குப் பிறகு அவன் என்னோட கதைக்கேல்லை. அவன்ர அறைக் கதவுப் பூட்டைக் கழட்டினவங்கள். என்ர தம்பி எங்கை? அதை மட்டும் சொல்லுங்கோ."

வசீகரன் மைக்கை நோக்கிக் குனிந்தான். "மடாம் உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்கிறா," என்றான் பிரெஞ்சில். "தம்பியை நினைத்து உருகுகிறா. தன் கையால் சமைத்த ஒரு சாப்பாட்டுப் பாசலை யாராவது தம்பியிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும், வேறு ஆசை இல்லை என்கிறா."

என்ன நெஞ்சழுத்தம்! வாய் கூசாமல், அவள் காதுக்குப் பக்கத்தில் நின்றே சொன்னான். மண்டபம் உருகிப்போனது. கடலில்லாத நாட்டுக்காரர் கைக்குட்டையை எடுத்தார். தலைவர் முன்னால் வந்தார்.

"நண்பர்களே, இந்தத் தாயுள்ளத்துக்கு ஆணையம் என்ன பதில் சொல்லும்? நாளைக்கே நமது விநியோகப் படகு கடலுக்குப் போகிறது. நம் உதவிச் செயலாளர் வசீகரன், அவர்களுடைய மொழி பேசுகிறவர், அவரே அந்தப் பாசலைக் கொண்டுபோய், லா பொன் கொன்சியான்ஸில் ஏறி, சகோதரனின் கையிலே கொடுத்துவிட்டு, பருவம் முடியும்வரை அங்கேயே அவருக்குத் துணையாக நிற்கட்டும். மறுப்பு உண்டா?"

மண்டபத்தைப் பார்த்தார். தட்டினார். எழுந்து நின்று கைதட்டினார்கள்.

வசீகரனின் முகம் வெளிறிப்போனதை றோசலின் பார்த்தாள். மைக் ஓடுகிறது என்பதையே மறந்து அவளுடைய கையைப் பிடித்தான்.

"அக்கா, வேண்டாமெண்டு சொல்லுங்கோ. உங்கட வாயால சொல்லுங்கோ, பாசல் அனுப்பேல்லை எண்டு."

"ஏன்? நீங்கள்தானே அவன் சுகமா இருக்கிறான் எண்டனீங்கள்."

"நான் அந்தக் கப்பலில ஏற மாட்டன். அவங்கள் ஆரெண்டு உங்களுக்குத் தெரியாது."

"அங்கை என்ன இருக்கு தம்பி?"

"ஒண்டும் இல்லை அக்கா! அங்கை ஒருத்தரும் இல்லை!" கைதட்டல் ஓய்ந்திருந்தது. இருநூறு பேரின் காதுக்கருவிகளிலும் அவன் குரல் உடைந்து உடைந்து போனது. "கப்டன் அப்பவே எழுதினவன், விடிய ஆளைக் காணேல்லை எண்டு. நான் ஒழுங்குப்படி கண்காணிப்பாளரின்ர கையெழுத்தோட திருப்பி அனுப்பச் சொன்னனான். அவன் பேந்து அனுப்பேல்லை. அண்டைக்கு மத்தியானம் ஆகுது, கப்பல் சிவப்பாகப் போகுது. சிவப்பானால் அண்டையில இருந்து பிடிச்ச மீன் முழுக்கக் கள்ள மீன். நான்தான் அக்கா எழுதினனான். எல்லாம் வழமை எண்டு. ஒவ்வொரு நாளும் நான்தான்."

தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லை. யாருக்கும் ஒரு சொல் விளங்கவில்லை. கண்ணீர் மட்டும் விளங்கியது. பின்வரிசையில் யாரோ "பிராவோ" என்றார்கள், மறுபடி கைதட்டல் எழுந்தது.

றோசலின் அழவில்லை. அவளுக்கு அடிமனதில் இது செப்டம்பரிலேயே தெரியும். தெரிந்துகொண்டேதான் பஸ் ஏறினாள், சேலை கட்டினாள். ஆனாலும் இன்னொருவன் வாயால் கேட்பது வேறு. குழந்தையிலிருந்து தான் தூக்கி வளர்த்த ஒருவன், பூட்டில்லாத கதவுக்குப் பின்னால் எத்தனை இரவு முழித்திருந்தானோ, கடைசியில் யாருடைய கை அவன்மேல் விழுந்ததோ. கண்ணாடி மீனை ஐஸ் மேசையில், அந்த முள்ளுக்குப் பக்கத்தில் வைத்தாள். மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

அவளுடைய பிரெஞ்சு கார்டரிப் பிரெஞ்சு. மூன்று வயதுக்காரரிடம் பேசிப் பழகியது. அவளிடம் வேறு பிரெஞ்சு இருக்கவில்லை.

"எல்லாரும் இருங்கோ," என்றாள். "கை தட்டினது காணும். கையை மடியில வையுங்கோ."

சொன்னால் நம்பமாட்டீர்கள், இருநூறு பிரதிநிதிகளும் இருந்தார்கள். சிலர் கையையும் மடியில் வைத்தார்கள்.

"இப்ப காதைத் திறந்து கேளுங்கோ. என்ர தம்பி கப்பலில இல்லை. அவனைக் கடலில போட்டிட்டாங்கள். இந்த மொசியே பொய் சொல்லுறார். அவன்ர பேரில ஒவ்வொரு நாளும் இவர்தான் எழுதினவர். இப்ப என்னட்டச் சொன்னவர். பொய் சொல்லுறது கூடாத பழக்கம். செய்த பிழையைச் செய்தனான் எண்டு சொல்லோணும். ஆர் செய்தது?"

கடலில்லாத நாட்டுக்காரர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். விஞ்ஞான அம்மையார் எழுந்து நின்றார், அவருடைய மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது.

தலைவர் பெர்லுவா சிறிதும் கோபப்படவில்லை. அதுதான் றோசலினுக்குப் பயத்தை உண்டாக்கியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நாளைய காலநிலையைச் சொல்கிறவரைப்போலப் பேசினார்.

"மடாம் எமது உத்தியோகத்தர் ஒன்றைச் சொன்னதாகச் சொல்கிறார். சொன்னது எமக்குத் தெரியாத மொழியில். சொன்னவரே உறுதிப்படுத்தலாம். மொசியே வசீகரன், நன்றாக யோசியுங்கள். மடாம் சொல்வது சரி என்றால், அந்தக் கப்பலில் கண்காணிப்பு இருக்கவில்லை. இருக்கவில்லை என்றால் அதன் மீன் கணக்கில் இல்லை. அதை வைத்துத்தான் புதன்கிழமை அளவைக் கூட்டினோம், அந்தத் தீர்மானமும் இல்லை. கப்பல்களில் என்ன நடக்கிறது என்று எமக்குத் தெரியாது என்று உலகத்துக்குச் சொல்ல வேண்டிவரும். மடாம் சொல்வது பிழை என்றால் ஒரு பிரச்சினையும் இல்லை. நாளைக்கு நீங்கள் கப்பலுக்குப் போகிறீர்கள், அவ்வளவுதான். எது?"

றோசலின் வசீகரனைப் பார்த்தாள். உயிர் மேல் ஆசை இல்லாத மனிதன் உண்டா? ஒரு சொல் போதும், அவனும் தப்பலாம், தம்பியும் செத்தவன் என்ற மரியாதையையாவது பெறலாம். அவன் உதடு அசைந்தது. பார்வை மண்டபத்தைச் சுற்றி வந்தது, தலைவரிடம் போனது, மண்டபச் சுவரிலும் தொங்கிய கப்பல் திரையில் அசையாமல் நின்ற பச்சைப் பொட்டுகளில் போய் நின்றது. நெற்றியைத் துடைத்தான். டையை நேராக்கினான்.

"பிழை, மொசியே தலைவர்," என்றான். "மடாம் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுவிட்டா."

சுத்தியல் விழுந்தது. அடுத்த வருடக் கூட்டம் எந்த நகரத்தில் என்ற பேச்சுத் தொடங்கியது.

கோட் வாங்குகிற இடத்தில் அவன் அவளுக்குப் பின்னாலேயே வந்து நின்றான். வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது. அவன் கோட்டின் பொத்தானைப் போடப் பார்த்தான், அது ஓட்டைக்குள் போக மறுத்தது.

"உனக்கென்ன விசரா?" என்றாள் றோசலின். மரியாதையெல்லாம் பறந்துபோயிருந்தது. "அவங்கள் உன்னையும் தின்பாங்கள். இப்பவும் ஒண்டும் கெட்டுப்போகேல்லை, உள்ளுக்குப் போ, போய் உண்மையைச் சொல்லு. நானும் வாறன்."

"ஏலாது அக்கா," என்றான் அவன், அவளுக்கு ஒரு ஒழுங்கை விளங்கப்படுத்துகிற அதே பொறுமையோடு. "தீர்மானம் நிறைவேறிப்போச்சு. இனி அடுத்த நவம்பரிலதான் திருத்தலாம்."

அவன் தொண்டையைச் செருமினான்.

"அக்கா, தீர்மானத்தில சாப்பாட்டுப் பாசல் எண்டு இருக்கு. அது இல்லாமல் போனால் என்னைப் படகில ஏத்தமாட்டினம், பேந்து ஏன் போகேல்லை எண்டு என்னட்டக் கேப்பினம். நாளைக்குக் காலமை ஏழு மணிக்குள்ள தந்தீங்களெண்டால் நல்லது."

அடிக்கலாம்போல இருந்தது அவளுக்கு. கட்டிப்பிடித்து அழலாம்போலவும் இருந்தது. எவ்வளவு பெரிய துரோகி, எவ்வளவு பெரிய முட்டாள். இல்-பிசாரில் ஒரு பெண் இவனுக்காக இரவுச் சாப்பாட்டோடு காத்திருப்பாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

றோசலின் அவனுடைய கோட்டைப் பிடித்து, கார்டரிப் பிள்ளைகளுக்குச் செய்கிறதுபோல, பொத்தானை ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டாள்.

"உமக்கு என்ன சாப்பாடு விருப்பம், தம்பி?" என்று கேட்டாள்.

வசீகரன் அவளை நிமிர்ந்து பார்த்தான். கேள்வி விளங்குவதற்கு அவனுக்குக் கொஞ்சநேரம் எடுத்தது. விளங்கியதும் கண்ணை எடுத்துக்கொண்டு வெளியே பனியைப் பார்த்தான்.

"மீன் மட்டும் வேண்டாம், அக்கா."